ஹொங்கொங் கைமாற்றமும் எங்கள் பெர்மிட் காணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1997 ஜூன் 30 நள்ளிரவு ஹொங்கொங் சீனாவிடம் கைமாறியதைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கொட்டும் மழை, இறங்கிய கொடி, இளவரசர் சார்ள்ஸ், கடைசி ஆளுநர் கிறிஸ் பற்றன் கப்பலேறிப் போனது எல்லாம் கண்முன்னே வந்தது. ஆனால் அந்த இரவுக்கு முந்திய பதின்மூன்று வருட வேலையை, 'தேவையான சட்ட ஏற்பாடுகள் செய்யப்பட்டன' என்று ஒரே வரியில் கட்டுரை கடந்துவிட்டது. அதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. மட்டக்களப்பு ரவுனில் காணிப் பத்திரங்கள் எழுதிச் சான்றுபடுத்தும் ஒரு நொத்தாரிசு கந்தோரில் உறுதி தட்டெழுதியே தலை நரைத்தவள் நான். ஆட்சி மாறும்போது சாதாரண சனத்துக்கு மிஞ்சுவதும் மிஞ்சாமல் போவதும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதை விரித்து எழுத உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் தாருங்கள்.

ஹொங்கொங் விவகாரம் தொடங்கியதே காணிக் குத்தகையில்தான். ஹொங்கொங் தீவு 1842 இலும், கவுலூன் முனை 1860 இலும் பிரித்தானியாவுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. வடக்கே இருந்த பெரும்பகுதி மட்டும் 1898 ஜூலை 1 முதல் 99 வருடக் குத்தகை. 'புதிய பிரதேசங்கள்' என்று பெயர். அங்கே அரசாங்கம் சனத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு காணிக் குத்தகையும் பெரிய குத்தகை முடிவதற்கு மூன்று நாள் முந்தி முடிவதாக எழுதப்பட்டிருந்தது. 1970களின் கடைசியில் காணி வாங்குகிறவர்களும் வங்கிகளும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். நீண்டகாலக் கடன் கொடுத்தால் அது 1997 ஐத் தொடுமே, அதற்குப் பிறகு ஈடு வைத்த காணி யாருடையது? 1979 இல் ஆளுநர் மக்லெஹோஸ் பீஜிங்குக்குப் போய்ச் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் முன்னால் எடுத்து வைத்ததும் இந்தக் காணிக் கேள்வியைத்தான்.

1984 டிசம்பர் 19 இல் இரண்டு அரசாங்கமும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. அதன் மூன்றாவது இணைப்பு முழுக்கக் காணி. அதை வாசித்தபோது எங்கள் கந்தோர் மேசையில் இருந்து உறுதி வாசிப்பது போலவே இருந்தது எனக்கு. 1997 ஜூன் முடிவுக்குள் காலாவதியாகும் குத்தகைகளை 2047 ஜூன் 30 வரை நீட்டலாம், அதற்கென்று மேலதிகமாக மொத்தக் காசு கேட்கக்கூடாது, வருட வாடகை வரிப்பெறுமதியில் (வரிக்காக மதிப்பிடும் வருட வாடகைப் பெறுமதியில்) நூற்றுக்கு மூன்று. 1898 இல் அந்தக் கிராமங்களில் இருந்தவர்களின் ஆண்வழிச் சந்ததி வைத்திருக்கும் கிராமக் காணிக்கு வாடகை பழையபடியே. போகிற அரசாங்கம் போகிற அவசரத்தில் காணியை விற்றுத் தள்ளிவிடாதபடி புதிதாகக் கொடுக்கும் காணிக்கு வருடத்துக்கு 50 ஹெக்டயர் என்று உச்சவரம்பு. காணி விற்று வரும் காசில் செலவு போக மிஞ்சியதைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை இனி வரப்போகும் அரசாங்கத்துக்கென்று தனியாக வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள இரண்டு தரப்பும் சேர்ந்த ஒரு காணி ஆணைக்குழு. 1988 இல் அதற்கான கட்டளைச் சட்டம் (உள்ளூர்ச் சட்டசபை ஆக்கும் சட்டம்) வந்து குத்தகைகள் தாமாகவே நீண்டன. யாரும் மனுவோடு கந்தோர் கந்தோராக அலையவில்லை.

காணி முடிந்தது. அப்புறம் மற்றச் சட்டங்கள். ஹொங்கொங்கில் அறுநூறுக்கு மேற்பட்ட கட்டளைச் சட்டங்கள் இருந்தன. அவற்றோடு லண்டனில் ஆக்கப்பட்டு ஹொங்கொங்குக்கும் செல்லுபடியான சட்டங்கள் வேறு. பிரித்தானியா போனால் அந்த இரண்டாம் வகை காற்றில் போய்விடும். ஆகவே தேவையானவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளூர்ச் சட்டமாக ஆக்கினார்கள். 1990 ஏப்ரல் 4 இல் சீனா நிறைவேற்றிய அடிப்படைச் சட்டத்தின் 8 ஆம் உறுப்புரை, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டமும் கட்டளைச் சட்டங்களும் வழக்காற்றுச் சட்டமும் முரண்படாத அளவுக்குத் தொடரும் என்றது. எது முரண் என்று பார்க்கத் தனி வேலை நடந்தது. 1997 பெப்ரவரி 23 இல் பீஜிங்கில் உள்ள சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழு 14 கட்டளைச் சட்டங்களை முழுதாகவும் 10 ஐப் பகுதியாகவும் ஏற்கவில்லை என்று பட்டியல் போட்டு அறிவித்தது. அந்தப் பட்டியலில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. 1991 இல் வந்த மனித உரிமைச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை அதில் கழித்துவிட்டார்கள். ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தது. எது நிற்கிறது, எது போகிறது என்று கைமாற்றத்துக்கு நாலு மாதம் முந்தியே எவரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. ஆங்கிலத்தில் மட்டுமே இருந்த சட்டங்கள் முழுவதுக்கும் சம அதிகாரமுள்ள சீன வடிவமும் 1997 மே மாதத்தோடு தயாராகிவிட்டது. சிங்கள வாசகமும் தமிழ் வாசகமும் முரண்பட்டால் சிங்களமே மேலோங்கும் என்று சட்டத்துக்குச் சட்டம் கடைசிப் பிரிவில் வாசித்துப் பழகிய எனக்கு அது சின்ன விடயமாகத் தெரியவில்லை.

ஓடிக்கொண்டிருந்த வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நள்ளிரவு கழிந்த கையோடு தற்காலிக சட்டசபை கூடி ஒரு கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிபதிகள், அரச ஊழியர், நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் தொடரும் என்பதே அதன் சாரம். அது எவ்வளவு தேவை என்பது அதே மாதமே தெரிந்தது. ஜூனில் விசாரணை தொடங்கிய ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூவர், பிரித்தானிய ஆட்சியோடு பொதுச் சட்டமும் போய்விட்டது, ஆகவே எங்கள் மேல் குற்றச்சாட்டே இல்லை என்று வாதாடினார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 29 இல் அந்த வாதத்தைத் தள்ளியது. அடிப்படைச் சட்டத்தில் முந்தியே எழுதி வைத்திருந்தபடியால் தள்ள முடிந்தது. கடைசி மேன்முறையீட்டைக் கேட்டுவந்த லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் பதிலாக உள்ளூரிலேயே ஒரு இறுதி நீதிமன்றமும் 1995 இல் சட்டமாகி, 1997 ஜூலை 1 இல் வேலையைத் தொடங்கியது.

இனி எங்கள் கதை. 1947 ஜூன் 18 இல் லண்டன், இலங்கைக்கு முழுப் பொறுப்பாட்சி தருவதாக அறிவித்தது. நவம்பர் 11 இல் மூன்று உடன்படிக்கைகள். டிசம்பர் 10 இல் இலங்கைச் சுதந்திரச் சட்டம். 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரம். எண்ணிப் பார்த்தால் எட்டு மாதமும் இல்லை. சோல்பரி அரசியலமைப்பு 1946 இலேயே வந்துவிட்டது என்பது உண்மை. ஐவர் ஜெனிங்ஸ் போன்ற பெரிய சட்ட மூளை முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவுக்குப் பக்கத்தில் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த மூன்று உடன்படிக்கைகளும் எதைப் பற்றியவை? பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரச அலுவலர்கள். கடற்படை, விமானப்படைத் தளங்களையும் துறைமுகங்களையும் பிரித்தானியப் படைகள் பாவிக்கலாம் என்று எழுதியாயிற்று. வெள்ளைக்கார அலுவலரின் ஓய்வூதியம் பாதுகாக்கப்படும் என்று எழுதியாயிற்று. மலையகத்தில் தேயிலை பறித்த ஏழு இலட்சம் சனம் விடிந்தால் எந்த நாட்டுப் பிரஜை என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

எழுதாமல் விட்ட அந்த இடத்தில் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து குந்தியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. ஒரு சமூகத்தைப் பாதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 (2) பிரிவு காப்பாற்றும் என்று நம்பி வழக்குப் போட்டார்கள். 1953 இல் பிரிவிக் கவுன்சில் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. பொதுவாக எழுதிய ஒரு வாக்கியம், பெயர் குறித்து எழுதாத சனத்தைக் காப்பாற்றவில்லை.

ஹொங்கொங்கிலும் இதே சிக்கல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் வேறு சிறுபான்மையினரும் சீனப் பிரஜையாகவும் மாட்டார்கள், முழுப் பிரித்தானியப் பிரஜையும் இல்லை. நாடற்றவராகும் ஆபத்து. அந்தச் சமூகம் வருடக்கணக்கில் லண்டன் கதவைத் தட்டியது. 1997 மார்ச்சில், கைமாற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அவர்களுக்குப் பிரித்தானியப் பிரஜாவுரிமை கொடுக்கத் தனிச் சட்டம் வந்தது. மலையகத்தில் இருந்து விரட்டப்பட்டு எங்கள் மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு நான் சத்தியக் கடதாசி தட்டெழுதிக் கொடுத்திருக்கிறேன். 'எனது தாயார் இன்ன தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பதிவு இல்லை' என்று தொடங்கும். அந்த வரியை அடிக்கும்போதெல்லாம், 1947 டிசம்பரில் லண்டனில் ஒரு பந்தி கூட்டி எழுதியிருந்தால் இந்தப் பிள்ளை இந்த வாங்கில் வந்து குந்தியிருக்கத் தேவையில்லையே என்று நினைப்பேன்.

பிரஜாவுரிமைக் கதை பலருக்குத் தெரியும். காணிச் சட்டத்தின் கதை அவ்வளவு தெரியாது. அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. எங்கள் பக்கம் பெர்மிட் காணி என்று சொல்வது பெரும்பாலும் அதன் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தின் பேரில் சனத்துக்குக் கொடுத்த அரச காணிதான். பெர்மிட்காரர் தனக்குப் பின்னுரித்தாளர் இன்னார் என்று பெயர் குறிக்காமல் செத்தால், மனைவி உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம். அதற்குப் பிறகு மூன்றாம் அட்டவணைப்படி போகும். அட்டவணையில் முதலாவது ஆண் மக்கள். பெண் மக்கள் அதற்குப் பிறகு. பேரப்பிள்ளைகளிலும் அப்படியே, பேரன் முந்தி, பேத்தி பிந்தி. ஒரே தரத்தில் பலர் இருந்தால் மூத்தவருக்கு.

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு என்பது ஊரறிந்த வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். தாய்வழிக் குடி, தாய்வழி முதுசம் என்று வந்த மண் இது. அந்த வழக்கத்துக்கென்று இருந்த முக்குவர் சட்டம், 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தபோது நீதிமன்றத்தில் இருந்து இல்லாமல் போனது. கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் வடக்குத் தமிழரின் தேசவழமைச் சட்டத்துக்கும் அதில் விலக்குக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் சனம் வழக்கத்தை விடவில்லை. சீதன உறுதி எழுதி எழுதியே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெர்மிட் காணியில் மட்டும் அது முடியாது, ஏனென்றால் அங்கே உறுதியே எழுத முடியாது.

வாவிக்கு மேற்குப் பக்கம் உள்ள படுவான்கரையில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சொப்பிங் பைக்குள் தகப்பனின் பெர்மிட். மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, செலோடேப் ஒட்டி, அந்த செலோடேப்பும் மஞ்சளித்துப் போயிருந்தது. பின்னுரித்தாளர் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. தகப்பன் 1990 இல் வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. தாய் பின்னர் காலமாகிவிட்டார். மூத்தவன் ஊரைவிட்டுப் போய் எங்கே என்றே தெரியாது. அந்தக் காணியில் கிணறு கட்டியவள், வீடு கட்டியவள், தாயைப் பார்த்தவள் இவள். ஒரு கந்தோரில், அட்டவணைப்படி காணி தமையனுக்குத்தான், அவரைக் கூட்டிவா அல்லது அவருடைய மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்ன அலுவலர் கெட்டவர் இல்லை. அவர் முன்னால் இருந்த சட்டம் அப்படி. 'அக்கா, நீங்க ஒரு உறுதி எழுதித் தந்தாக் காணாதா?' என்று கேட்டாள். எழுத முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்கள் நொத்தாரிசு ஐயாதான் சொன்னார். யுத்தத்தில் பெயர் குறிக்காமலே போன தகப்பன்மார் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 இல் திருத்தச் சட்டம் வந்துதான் அந்த ஆண் முந்தி, பெண் பிந்தி என்ற ஒழுங்கு நீங்கியது. 1935 இல் இருந்து 2022 வரை. இடையில் 1948 இல் ஒரு கைமாற்றம், 1972 இல் குடியரசு, 1978 இல் இன்னொரு அரசியலமைப்பு. மூன்று தடவையும் பழைய சட்டங்கள் எல்லாம் தொடரும் என்று கூட்டாக அள்ளி எடுத்தார்களே தவிர, எடுக்கிற சட்டத்துக்குள் என்ன கிடக்கிறது என்று விரித்துப் பார்க்கவில்லை. 1978 அரசியலமைப்பின் 16 ஆம் உறுப்புரை, பழைய சட்டம் அடிப்படை உரிமையோடு முரண்பட்டாலும் செல்லும் என்றே எழுதி வைத்திருக்கிறது.

ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. அங்கே காணிக்குச் சீன வழக்காறு பொருந்தும், உயில் இல்லாமல் செத்தால் மகளுக்கு ஒன்றுமில்லை. மாடிக் குடியிருப்பில் வாங்கிய வீட்டுக்கும் அதே சட்டம் என்பது தெரிய வந்தபோதுதான் பலர் திடுக்கிட்டார்கள். கிராமப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். கிராமத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்படியிருந்தும் 1994 ஜூனில், கைமாற்றத்துக்கு மூன்று வருடம் முந்தி, சட்டத்தை மாற்றினார்கள். எல்லாம் சரியாகிவிடவில்லை. கிராமத்து ஆண்களுக்கு மட்டும் வீடு கட்டக் கிடைக்கும் சலுகை இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற காலமாக இருந்தபடியால், அந்தப் பெண்களின் குரல் ஏறுவதற்கு ஒரு மேசை இருந்தது. எங்கள் பெண்களுக்கு அப்படி ஒரு மேசை 1947 இல் இல்லை.

இவ்வளவு எழுதியும் ஹொங்கொங்குக்கு என்ன நடந்தது என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2020 ஜூன் 30 இல் பீஜிங் தேசிய பாதுகாப்புச் சட்டத்தை நேரடியாகக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் மூடின, தெரிவான உறுப்பினர்கள் சிறைக்குப் போனார்கள். அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் எந்த இடத்தில் உடைந்தது என்று பாருங்கள். அடிப்படைச் சட்டத்துக்கு இறுதி விளக்கம் சொல்லும் அதிகாரத்தை 158 ஆம் உறுப்புரை பீஜிங்கின் நிலைக்குழுவுக்கே கொடுத்திருந்தது. 1999 லேயே, பெற்றோர் ஹொங்கொங்கிலும் பிள்ளைகள் பெருநிலத்திலுமாக இருந்த குடும்பங்களின் வழக்கில், அங்குள்ள இறுதி நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மேலால் அந்த அதிகாரம் பாய்ந்தது. அதிகாரத்தைக் கொடுத்தவனிடமே அர்த்தம் சொல்லும் உரிமையையும் விட்டுவைத்த இடம் அது. காணிக் குத்தகை விபரமாக, இலக்கத்தோடு எழுதப்பட்டிருந்தது. அது இன்றைக்கும் நிற்கிறது. 2047 இல் முடியும் குத்தகைகளை இன்னும் ஐம்பது வருடம் நீட்டும் சட்டமும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கம் மறுபடியும் புதிய அரசியலமைப்பு, அதிகாரப் பகிர்வு, மாகாண சபைத் தேர்தல் என்று பேச்சு எழுகிறது. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலில் போட்டது. ஆனால் அரச காணி குடியரசிடமே இருக்கும் என்றும், தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்படும் என்றும் பின்னிணைப்பில் சேர்த்தது. அந்த ஆணைக்குழு இன்றுவரை இயங்கவில்லை. 2013 இல் உயர் நீதிமன்றம் அரச காணி அதிகாரம் மத்திக்கே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிழக்கு மாகாண சபையோ 2017 இல் கலைந்தது கலைந்ததுதான். எங்கள் மாவட்டத்து மேய்ச்சல் நிலங்களான மாதவனை, மயிலத்தமடுவில் மாடு மேய்ப்பவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் எந்த அலுவலரிடம் போவது என்று தெரியாமல் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

மேடையில் 'காணி அதிகாரம் வேண்டும்' என்று கேட்கும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லாரிடமும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, நான் கேட்பது இதுதான். 1907 வனக் கட்டளைச் சட்டம், 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1937 வனசீவராசிக் கட்டளைச் சட்டம், 1947 அரச காணிக் கட்டளைச் சட்டம், 1979 மகாவலி அதிகாரசபைச் சட்டம் ஆகிய ஐந்தையும் எடுத்து, அதிகாரம் மாறும் நாளில் எந்தப் பிரிவு யார் கைக்குப் போகும், எந்தப் பிரிவு நீக்கப்படும், கையில் இருக்கும் பெர்மிட்டுக்கு என்ன நடக்கும் என்று பட்டியல் எழுதுங்கள். அர்த்தம் சொல்லும் அதிகாரம் யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சட்டத்தரணிகள் சங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கிராம உத்தியோகத்தர்களுக்கும் பெர்மிட் வைத்திருக்கும் பெண்களுக்கும் அந்த மேசையில் கதிரை போடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அப்படி ஒரு பட்டியல் வந்தால் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்கம் ஒதுக்கித் தமிழில் போடுங்கள். எங்கள் பக்கத்துச் சனம் எழுத்தெழுத்தாக வாசிக்கும். தட்டெழுத ஆள் தேவையென்றால் நான் காசு வாங்காமல் செய்து தருவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞர்,
கல்லடி, மட்டக்களப்பு.